குழைந்தது கினோவாவா, கணக்கா?

பெங்களூரில் குடியேறி வாழும் தமிழர் வீடுகளுக்குள் அண்மைக் காலத்தில் இரண்டு புதிய பொருள்கள் வந்து சேர்ந்திருக்கின்றன. ஒன்று கினோவா என்ற தானியம். மற்றொன்று விசில் அடிக்காத மின்சார பிரஷர் குக்கர். தனித்தனியே இரண்டும் நல்லவைதாம். இரண்டும் ஒரே அடுப்பங்கரையில் சந்திக்கும்போதுதான் வீட்டில் சண்டை மூளுகிறது.

நடப்பது இதுதான். ஆலைத் தொழிலாளியோ ஆபீஸ் குமாஸ்தாவோ நாற்பது வயதைத் தாண்டியதும் ரத்தப் பரிசோதனைக்குப் போகிறார். சர்க்கரை ஏறியிருக்கிறது, சோற்றைக் குறையுங்கள் என்கிறார் டாக்டர். கினோவா சாப்பிடுங்கள் என்று பெரும்பாலும் டாக்டர் சொல்வதில்லை. அதைச் சொல்பவர் பக்கத்து மேஜைக்காரர். உடனே அரிசி விலையைப் போலப் பல மடங்கு கொடுத்து ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு வீடு வந்து சேருகிறார் நம்மவர். வீட்டில் அரிசிக்கு வைக்கிற அதே கணக்கில் ஒரு டம்ளர் கினோவாவுக்கு இரண்டரை டம்ளர் தண்ணீர் ஊற்றி, சோற்றுக்கான பொத்தானை அழுத்திவிடுகிறார்கள். மூடியைத் திறந்தால் உள்ளே கூழ். அதுவும் கசக்கிற கூழ்.

“இதை மனிதன் தின்பானா?” என்ற கேள்வி எழுகிறது. பழி சமைத்தவள் தலையில் விழுகிறது. மிச்சப் பொட்டலம் அலமாரியின் மேல் தட்டுக்குப் போய்விடுகிறது. மறுநாள் பழையபடி குவித்து வைத்த அரிசிச் சோறு. டாக்டர் சொன்னதும் போயிற்று, கொடுத்த காசும் போயிற்று.

இதில் தானியத்தின் மேலும் குற்றமில்லை, சமைத்தவள் மேலும் குற்றமில்லை. பானை மாறியிருக்கிறது, பண்டம் மாறியிருக்கிறது, தண்ணீர்க் கணக்கு மட்டும் மாறவில்லை. கடைக்காரர் குக்கரை விற்கும்போது பொத்தான்களைக் காட்டுகிறாரே தவிர, இந்தக் கணக்கைச் சொல்லித் தருவதில்லை.

விசிலோடு போகும் தண்ணீர்

காஸ் அடுப்பில் வைக்கும் நம் பழைய குக்கர், சதுர அங்குலத்துக்குச் சுமார் 15 பவுண்டு அழுத்தத்தில் வேலை செய்கிறது. உள்ளே சூடு 120 டிகிரி சென்டிகிரேடு வரை ஏறும். அழுத்தம் அளவை மீறும் ஒவ்வொரு தடவையும் வெயிட் எழும்பி விசில் அடிக்கிறது. விசில் என்பது வெறும் சத்தமல்ல. தண்ணீர் ஆவியாகி வெளியே ஓடுகிறது. மூன்று விசில், நான்கு விசில் என்று எண்ணிச் சமைத்துப் பழகிய கை, போகிற ஆவிக்கும் சேர்த்தே தண்ணீர் ஊற்றப் பழகியிருக்கிறது.

மின்சார பிரஷர் குக்கரில் அப்படியில்லை. பெரும்பாலான குக்கர்களில் அழுத்தம் 10 முதல் 12 பவுண்டுக்குள்தான். சூடும் சற்றுக் குறைவு, 115 முதல் 118 டிகிரி வரை. அழுத்தம் போதும் என்றானதும் உள்ளிருக்கும் கருவி மின்சாரத்தை நிறுத்துகிறது. குறைந்தால் மறுபடி கொடுக்கிறது. வால்வு மூடியே இருக்கிறது. ஆவி ஏறக்குறைய வெளியே போவதே இல்லை. ஊற்றிய தண்ணீர் ஊற்றியபடி உள்ளேயே நிற்கும். தானியம் குடித்தது போக மிச்சம் இருந்தால் அது கூழாகத்தானே ஆக வேண்டும்?

ஆகவே கினோவாவுக்கு இந்தக் குக்கரில் ஒரு டம்ளருக்கு ஒன்றே கால் டம்ளர் தண்ணீர் போதும். கழுவியபின் வடிய விடாமல் போட்டால், தானியத்தில் ஒட்டியிருக்கும் தண்ணீரும் கணக்கில் சேர்ந்துவிடும். அப்போது ஒரு டம்ளருக்கு ஒரு டம்ளரே போதும். திறந்த பாத்திரத்தில் வேகவைத்தால் இரண்டு டம்ளர் கேட்கும் அதே தானியம்தான் இது.

நேரம் எவ்வளவு? ஒரே ஒரு நிமிஷம். கேட்பவர் சிரிக்கக்கூடும். அந்த ஒரு நிமிஷம் அழுத்தம் ஏறிய பிறகு எண்ணப்படுவது. அழுத்தம் ஏறவே பத்து நிமிஷம் வரை ஆகும். அதற்குள் பாதி வேக்காடு முடிந்துவிடும். மீதி வேக்காடு, நிமிஷம் முடிந்து குக்கர் ‘பீப்’ என்று கத்திய பிறகு நடக்கிறது. அப்போது அதைத் தொடக்கூடாது. பத்து நிமிஷம் அப்படியே விட வேண்டும்.

நம்மவர்கள் தோற்பது இந்த இடத்தில்தான். சத்தம் கேட்டதும் வால்வைத் திருப்பி ஆவியை ‘புஸ்’ என்று விட்டுவிடுகிறார்கள். உள்ளே நூறு டிகிரிக்கு மேல் சூடாக இருக்கிற தண்ணீர், அழுத்தம் திடீரென்று போனதும் ஒரே கொதியாகப் பொங்கி எழும். நுரையும் பசையும் வால்வு வழியே பீறிட்டு வரும். கை வெந்துபோகக்கூடும். தானியமோ மேலே வெடித்தும் கீழே நீர்த்தும் கிடக்கும். பத்து நிமிஷம் பொறுத்தால், மிச்சத் தண்ணீரைத் தானியம் நிதானமாக உறிஞ்சிக்கொள்ளும். பிறகு வால்வைத் திருப்பினால் மிஞ்சிய கொஞ்சம் ஆவி அமைதியாக வெளியேறும்.

மூடியைத் திறந்ததும் கரண்டியால் அமுக்கிக் கிளறக்கூடாது. கரண்டிக் காம்பாலோ முள்கரண்டியாலோ அடியிலிருந்து மேலாக இரண்டு தடவை கிண்டிவிட்டு, ஒரு சுத்தமான துணியால் வாயை மூடி ஐந்து நிமிஷம் வைக்கலாம். துணி ஆவியை இழுத்துக்கொள்ளும். தானியம் பொலபொலவென்று உதிரும். ஒவ்வொரு மணியிலிருந்தும் சிறிய வெள்ளை நூல் ஒன்று சுருண்டு வெளியே வந்திருக்கும். புழு என்று பயந்து கொட்டிவிடக்கூடாது. அது தானியத்தின் முளை. அது பிரிந்து வந்தால் பதமாக வெந்துவிட்டது என்று பொருள்.

கசப்பு எங்கிருந்து?

கினோவாவின் சொந்த ஊர் தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலை. பெரு, பொலிவியா நாடுகளின் மலைவாசிகள் பல ஆயிரம் ஆண்டுகளாகப் பயிரிட்டுச் சாப்பிடும் உணவு. டிட்டிகாக்கா ஏரிக்கரையில், கடல் மட்டத்துக்கு 3,800 மீட்டர் உயரத்தில், தண்ணீர் 88 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும். அந்தக் கொதியிலும் வெந்துவிடுகிற தானியம் அது. அதைப் போய் நம் குக்கரில் அரிசியைப் போல வறுத்தெடுத்தால் தாங்குமா? (சென்னையிலிருந்து வந்தவர்கள் பெங்களூரில் பருப்பு வேகச் சுணங்குகிறது என்று குறைப்படுவதும் இதே கணக்குத்தான். இந்த ஊர் 900 மீட்டருக்கு மேல் இருக்கிறது. இங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதிக்கிறது.)

ஐக்கிய நாடுகள் சபை 2013ஆம் ஆண்டைக் கினோவா ஆண்டாக அறிவித்தது. அதையொட்டி உலகச் சந்தையில் விலை ஏறியது, பின்னர் இறங்கியது. ராஜஸ்தானிலும் பயிராகிறது. இருந்தாலும் நம் மளிகைக் கடைக்கு வரும்போது அது இன்னும் பணக்காரப் பண்டமாகவே இருக்கிறது.

சரி, கசப்பு? கினோவா மணியின் மேல் தோலில் சபோனின் என்ற பொருள் இருக்கிறது. பூந்திக்கொட்டையிலும் சீயக்காயிலும் நுரை வருவது இதே வகைப் பொருளால்தான். பூச்சியும் பறவையும் அண்டாமல் செடி தனக்குத்தானே போட்டுக்கொண்ட காவல் இது. சோப்புத் தண்ணீரில் சமைத்தால் கசக்காமல் என்ன செய்யும்? நுரை அடங்கும் வரை மூன்று நான்கு தண்ணீரில் தேய்த்துக் கழுவ வேண்டும். அரிசி களைவது போல் சாய்த்து வடித்தால் பாதி மணி தண்ணீரோடு போய்விடும், அவ்வளவு பொடி. டீ வடிகட்டியோ பழைய வேட்டித் துணியோ வேண்டும். கழுவிச் சுத்தம் செய்தது என்று பொட்டலத்தில் எழுதியிருந்தாலும் ஒரு தடவை கழுவிவிடுவது நல்லது.

இன்னொன்று. கினோவா புல் இனத்துத் தானியமல்ல. நம் ஊர்ச் சக்கரவர்த்திக் கீரையின் நெருங்கிய உறவு. வட இந்தியர் பதுவா என்று ரொட்டி மாவில் பிசைகிறார்களே, அந்தக் கீரையின் குடும்பம்தான். கடல் கடந்து வந்ததால் மட்டும் அதற்கு ஒரு மந்திர சக்தி வந்துவிடாது.

மருந்தா, சாப்பாடா?

சமைக்காத கினோவா நூறு கிராமில் சுமார் 14 கிராம் புரதம் இருக்கிறது. வெள்ளை அரிசியில் அதில் பாதிதான். நார்ச்சத்திலும் அரிசியைக் காட்டிலும் எவ்வளவோ மேல், ஏறக்குறைய 7 கிராம். இவை நல்ல விஷயங்கள், மறுப்பதற்கில்லை. ஆனால் அதே நூறு கிராமில் மாவுச்சத்தும் 64 கிராம் இருக்கிறது. அரிசியில் 80 கிராமுக்குக் கிட்டத்தட்ட. மொத்தக் கலோரியைப் பார்த்தால் இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை.

அதாவது, அரிசியைக் குறை என்றால், இலை நிறையக் கினோவாவைக் குவி என்று அர்த்தமல்ல. குறை என்றால் குறை. ஒரு கரண்டி கினோவா, இரண்டு கரண்டி காய், ஒரு கரண்டி பருப்பு என்று இலையின் இடப்பங்கீடு மாறினால்தான் சர்க்கரை நோயாளிக்குப் பயன். மாத்திரையை நிறுத்திவிட்டுத் தானியத்தை நம்புவது தற்கொலைக்குச் சமம். அப்படி நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதால்தான் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கினோவா வாங்க வசதியில்லாதவர் வருத்தப்படவும் தேவையில்லை. கர்நாடக மண்ணில் விளையும் சிறுதானியங்களே இதே வேலைக்கு வரும். ஐக்கிய நாடுகள் சபை 2023ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியதே! பெங்களூர்க் கடையில் பெயர் தெரியாமல் திணறுவார்கள் நம்மவர்கள். தினை என்றால் கடைக்காரருக்குப் புரியாது, நவணெ என்று கேட்க வேண்டும். சாமைக்கு இங்கேயும் சாமெதான். வரகு, ஹாரக. குதிரைவாலி, ஊதலு. நான்கையும் சேர்த்துச் சிரிதான்யம் என்பார்கள். சாமையை அரை மணி நேரம் ஊறவைத்து, ஒரு டம்ளருக்கு ஒன்றே முக்கால் டம்ளர் தண்ணீர் வைத்து, நான்கைந்து நிமிஷ அழுத்தமும் பத்து நிமிஷப் பொறுமையும் கொடுத்தால் அதுவும் உதிரி உதிரியாக வரும். தயிர் விட்டுப் பிசைந்தால் அரிசிச் சோறு இல்லையே என்ற ஏக்கம் பாதி தீரும். அந்த ஏக்கம் கினோவாவால் தீருமா என்பது சந்தேகமே.

ஒற்றை அறைக்காரர்களுக்கு

பீன்யா போன்ற தொழிற்பேட்டைப் பக்கம் அறை எடுத்துத் தங்கும் பிரமசாரிகள் பலருக்கு வீட்டுக்காரர் காஸ் அடுப்பு வைக்க அனுமதிப்பதில்லை. அவர்களுக்கு மின்சாரக் குக்கர் பெரிய உதவி. ஆயிரம் வாட் குக்கரானாலும், அழுத்தம் ஏறும் வரைதான் மின்சாரம் தொடர்ந்து இழுக்கும். ஒரு வேளைக் கினோவாவுக்குச் சுமார் கால் யூனிட் ஆகலாம்.

ஆனால் தனி ஆளுக்கு அரை டம்ளர் கினோவா போட்டால், ஆறு லிட்டர்க் குக்கரின் அடியில் தண்ணீர் போதாமல் அழுத்தமே ஏறாது, அடியும் பிடிக்கும். அதற்கு வழி நம் பாட்டிமார் காலத்து வழிதான். குக்கரில் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி, மேலே தட்டு வைத்து, அதன் மேல் ஒரு சிறு எவர்சில்வர் பாத்திரத்தில் கினோவாவையும் அளந்த தண்ணீரையும் வைத்து மூட வேண்டும். ஒரு நிமிஷத்துக்குப் பதில் மூன்று நிமிஷம் வைக்கலாம். பெரிய குடும்பமானால் வேறு எச்சரிக்கை: பொங்கி நுரைக்கும் பண்டமாதலால் பாத்திரத்தில் பாதிக்கு மேல் நிரப்பக்கூடாது.

ரப்பர் வளையம் சரியாக உட்கார்ந்திருக்கிறதா, வால்வில் மணி எதுவும் அடைத்திருக்கிறதா என்று மூடுமுன் பார்க்க வேண்டும். பழைய வாடகை வீடுகளில் மூன்று முள் பிளக்கின் தடித்த முள்ளை ஒடித்துவிட்டு இரண்டு துளையில் சொருகும் பழக்கம் இருக்கிறது. உலோகப் பாத்திரத்தில் தண்ணீர் வைத்து மின்சாரம் பாய்ச்சும்போது அந்த எர்த் முள்தான் உயிரைக் காப்பது. அயர்ன் பாக்ஸும் குக்கரும் ஒரே நீட்டிப்புப் பலகையில் ஓடுவதும் ஆகாது.

இரவு ஷிப்டு முடிந்து வருகிறவர்கள் சூடாக இருக்கட்டும் என்று ‘வார்ம்’ நிலையிலேயே மணிக்கணக்காக விட்டுவிடுகிறார்கள். அடி காய்ந்து ஒட்டிக்கொள்ளும், மேல் நீர் கோத்துக்கொள்ளும். அதைவிட, வெந்ததும் தட்டில் பரப்பி ஆறவிட்டு, மூடிக் குளிர்ப்பெட்டியில் வைப்பது மேல். காலையில் கடுகு, கறிவேப்பிலை, பச்சைமிளகாய் தாளித்து, அரை மூடி எலுமிச்சம் பழம் பிழிந்து கிளறினால் ஐந்து நிமிஷத்தில் டிபன் தயார். குளிரக் குளிர இருந்த கினோவா அப்போது முன்னிலும் உதிரியாக இருக்கும்.