வெற்று நிலம்

வீடியோ விளையாட்டில் நிலம் வெறும் பின்திரை என்கிறார்கள். என்னால் ஒப்ப முடியாது. 2005-இல் ஃபூமிதோ உவேதா படைத்த 'ஷாடோ ஆஃப் த கொலாஸ'ஸில் ஊர் இல்லை, சில்லறை எதிரிகள் இல்லை. 16 பூதங்கள் மட்டும். வாளை வெயிலில் உயர்த்தினால் ஒளி குவிந்து திசை காட்டும், நிழலில் காட்டாது. அந்த வெறுமையில் நெடுநேரம் குதிரையோட்டிப் போகையில், இவற்றை ஏன் கொல்கிறேன் என்று கேட்டுக்கொள்ளாமல் இருக்க முடிவதில்லை. கேள்வியை எழுப்புவது நிலம்.

1996-இன் 'டாகர்ஃபால்' ஆயிரக்கணக்கான ஊர்களைக் கணிப்பொறிச் சூத்திரத்தால் பெருக்கிற்று. ஓர் ஊரும் என் மனதில் தங்கவில்லை. பரப்பளவைச் சொல்லிப் பெருமைப்படுவது மனைத் தரகன் வேலை; விமர்சகனுக்கு எதற்கு?

உவேதாவின் வழியில் இரண்டு சந்தைகளையும் பத்துத் திருடர்களையும் வைத்துப் பாருங்கள். அதே கொலைகள் வெறும் வேட்டையாகிவிடும்.