மணி அடித்தால் ராஜாவுக்குச் சோறு

ஊர் சுற்றப் போகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் கண்ணை மட்டும்தான் எடுத்துக்கொண்டு போகிறார்கள். கோபுரம் தெரிகிறதா, செல்போனைத் தூக்கு. கடல் தெரிகிறதா, அதற்கு முதுகைக் காட்டி நின்று செல்ஃபி எடு. காது என்று இரண்டு சமாச்சாரம் தலைக்கு இரண்டு பக்கமும் இருக்கிறதே, அதில் இயர்போனைச் செருகி சீல் வைத்தாகிவிட்டது. திருநெல்வேலிச் சீமைக்கு இப்படி வந்தால் பாதி ஊரைத்தான் பார்க்க முடியும். மீதிப் பாதி, கேட்க வேண்டிய ஊர்.

சனி, ஞாயிறு லீவு. கையில் ஒரு தோள்பை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆபீஸில் மேனேஜர் கண்ணில் படாமல் நழுவி நெல்லை எக்ஸ்பிரஸைப் பிடித்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். காலையில் நெல்லை ஜங்ஷன். நேரே டவுனுக்கு பஸ் ஏறி நெல்லையப்பர் கோயில். (கீழ ரத வீதியில் இருட்டுக்கடை சாயங்காலம்தான் திறக்கும். எனவே காலையில் பக்திக்கு இடைஞ்சல் எதுவும் இல்லை.)

நெல்லையப்பர் கோயிலின் இசைத்தூண்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். நடுவில் ஒரு பெரிய தூண், அதைச் சுற்றி 48 சின்னத் தூண்கள், எல்லாம் ஒரே கல்லில் குடைந்தது. தட்டினால் ஆளுக்கொரு சுரம் பேசும். கல்லுக்குள் மந்திரம் எதுவும் இல்லை. தூணின் நீளம், தடிமன், கல்லின் இறுக்கம், இந்த மூன்றும் சேர்ந்துதான் சுருதியைத் தீர்மானிக்கின்றன. குட்டையாகத் தடியாக இருந்தால் கீச்சுக் குரல். நெட்டையாக ஒல்லியாக இருந்தால் அடித்தொண்டை. (மனுஷர்களிடம் இந்த விதி செல்லாது.) இதில் அந்தச் சிற்பிக்கு இருந்த பயத்தை நினைத்துப் பாருங்கள். ஒரு செதுக்கு கூடிப்போனால் சுருதி இறங்கிவிடும். உதிர்ந்த கல்லைத் திரும்ப ஒட்ட முடியாது. நம் ஆபீஸ் கம்ப்யூட்டர் மாதிரி 'அண்டூ' பட்டன் உளியில் கிடையாது.

ஆனால் வருகிறவன் போகிறவன் எல்லாம் சாவிக்கொத்தாலும் நாணயத்தாலும் தட்டினால் எந்தக் கல் தாங்கும்? ஹம்பி விட்டலர் கோயிலில் தூணைத் தட்டவே தடை. போன தடவை நான் போனபோது பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர் சொன்னார்:

"தட்டுததுல ஒண்ணுமில்ல தம்பி. தட்டிட்டு சும்மா நிக்கணும், சத்தம் அடங்குத வரைக்கும். அதான் ஒருத்தனுக்கும் வரமாட்டேங்கு."

இந்த ஒரு வரியைப் பையில் போட்டுக்கொண்டு திருச்செந்தூர் ரயிலில் ஏறுங்கள்.

ஏறக்குறைய அறுபது கிலோமீட்டர். ஜன்னல் பக்கம் உட்கார்ந்தால் வாழையும் நெல்லும், அவ்வப்போது தாமிரபரணியும். வழியில் ஆழ்வார்திருநகரி. நம்மாழ்வாரின் ஊர். பழைய பெயர் திருக்குருகூர். கோயிலில் கல்லால் செய்த நாகஸ்வரம் ஒன்று இருக்கிறது. கல்லைக் குடைந்து ஊத முடியும் என்று நினைத்த ஆசாமிக்கு எவ்வளவு துணிச்சல் பாருங்கள்! நான் சொல்ல வந்தது அது இல்லை. அதைவிடப் பெரிய அதிசயம் ஒன்று, கோயிலில் நிற்கிற புளியமரத்தடியில் நடந்ததாக வைணவர்கள் சொல்வார்கள்.

சிலர் பத்துப் பாட்டு பாடுவதை நாதமுனிகள் கேட்டார். சொக்கிப்போனார். கடைசிப் பாட்டில், 'இது குருகூர்க்காரர் பாடிய ஆயிரத்தில் பத்து' என்கிற மாதிரி ஒரு குறிப்பு. "அப்போ மிச்சம் தொள்ளாயிரத்துத் தொண்ணூறு எங்கே?" என்றார். பாடினவர்களுக்குத் தெரியவில்லை. நம்மில் ஒருவராக இருந்தால், 'நல்லா இருந்ததுப்பா' என்று சொல்லிவிட்டு டிபன் சாப்பிடப் போயிருப்போம். அவர் குருகூர் வரைக்கும் வந்தார். ஊரிலும் யாருக்கும் தெரியவில்லை. மதுரகவியாழ்வாரின் சின்னப் பாசுரம் ஒன்றைப் புளியமரத்தடியில் பன்னிரண்டாயிரம் முறை ஓதினால் பலன் உண்டு என்று யாரோ சொல்ல, உட்கார்ந்து ஓதினார். ஆயிரம் கேட்டு வந்தவருக்கு நாலாயிரமும் கிடைத்ததாம். அதற்கு இசை அமைத்துத் தம் மருமக்கள் இருவருக்குச் சொல்லிக்கொடுத்தார். அந்த வழியில் வந்ததுதான் அரையர் சேவை. ஸ்ரீரங்கம், ஸ்ரீவில்லிபுத்தூர், இந்த ஆழ்வார்திருநகரி என்று விரல் விட்டு எண்ணுகிற கோயில்களில் இன்றைக்கும் நடக்கிறது.

பாட்டு தப்பித்ததற்குக் காரணம், பாடினவர்கள் மட்டும் இல்லை. 'மிச்சம் எங்கே?' என்று கேட்ட ஒரு ஆள்.

திருச்செந்தூர் வந்துவிட்டது. இறங்குங்கள். மேற்கே ஒன்பது நிலை ராஜகோபுரம், கிழக்கே அலை. நாழிக்கிணறு என்று ஒன்று. கடலுக்குக் கூப்பிடு தூரத்தில், உப்புத் தண்ணீர்க் கிணற்றுக்குள்ளேயே ஒரு சின்ன ஊற்றில் நல்ல தண்ணீர். இதெல்லாம் கண்ணுக்கு. காதுக்கு உள்ள கதை மணி.

பாஞ்சாலங்குறிச்சி வீரபாண்டிய கட்டபொம்மன் செந்திலாண்டவரின் பரம பக்தர். திருச்செந்தூரில் உச்சிகால பூஜை முடிந்தது தெரிந்தால்தான் மத்தியானச் சாப்பாடு. பூஜை முடிந்தது எப்படித் தெரியும்? நடுவில் ஐம்பது கிலோமீட்டர் பொட்டல் காடு. போன் கிடையாது. அதனால் வழியெல்லாம் மணி மண்டபம் கட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு மணியும் ஒரு ஆளும் வைத்தார் என்பது சீமை முழுக்கச் சொல்கிற கதை. கோயிலில் மணி அடித்ததும் முதல் மண்டபத்து ஆள் அடிப்பான். அது கேட்டு இரண்டாவது ஆள். அப்புறம் மூன்றாவது. கடைசி மணி பாஞ்சாலங்குறிச்சியில் கேட்கும்போது இலை போடுவார்கள்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். (சும்மா இருக்கிற மூளை.) சத்தம் ஒரு செகண்டுக்குச் சுமார் 340 மீட்டர் போகும். ஐம்பது கிலோமீட்டருக்கு 147 செகண்ட். இரண்டு கிலோமீட்டருக்கு ஒரு மண்டபம் என்று வைத்துக்கொண்டால் இருபத்தைந்து ஆள். ஒவ்வொருத்தனும் வெற்றிலையைத் துப்பிவிட்டு எழுந்து கயிற்றை இழுக்கப் பத்து செகண்ட் போட்டால் 250 செகண்ட். ஆக மொத்தம் ஏழு நிமிஷத்துக்குள் செய்தி அரண்மனையில்! இன்றைக்கு நான் அனுப்புகிற மெசேஜை என் மைத்துனன் பார்ப்பதற்கே ஏழு மணி நேரம் ஆகிறது.

ஆனால் இந்த ஏற்பாட்டில் ஒரு அழகான ஆபத்து இருக்கிறது. இருபத்தைந்தில் ஒருத்தன், ஒரே ஒருத்தன், வேப்பமரத்து நிழலில் கண் அசந்துவிட்டால் போதும். கோயிலில் பூஜை நடந்திருக்கும். மற்ற இருபத்து நாலு பேரும் தயாராக இருப்பார்கள். ராஜா மட்டும் பட்டினி. மணி நன்றாக அடிப்பது பாதி வேலை. முந்தின மணியைக் கேட்பது மீதிப் பாதி.

கட்டபொம்மனை 1799 அக்டோபர் 16ஆம் தேதி கயத்தாறில் தூக்கிலிட்டார்கள். கோட்டையை இடித்தார்கள். மணிக் கதையை யாராலும் இடிக்க முடியவில்லை. அதுவும் காது வழியாக வந்த சொத்துதான்.

திருச்செந்தூரிலிருந்து தெற்கே கடலோரமாக பஸ். குலசேகரப்பட்டினம் வரும். செல்லமாகக் குலசை. அங்கே இப்போது இறங்காதீர்கள். திரும்பும்போது நிதானமாக இறங்கலாம். முதலில் மணப்பாடு. கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிற மணல் குன்று, அதன் மேல் திருச்சிலுவைக் கோயில், ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் கழிமுகம். செப்டம்பர் 14ஆம் தேதி திருவிழாவுக்கு எங்கிருந்தெல்லாமோ கூட்டம் வரும். குன்றின் கடல் பக்கம் ஒரு குகை. புனித பிரான்சிஸ் சவேரியார் தங்கி ஜெபம் செய்த இடம் என்பார்கள்.

சவேரியார் இந்த முத்துக்குளித்துறைக் கரைக்கு வந்தது 1542இல். வந்தபோது தமிழ் தெரியாது. ஜெபங்களைத் தெரிந்தவர்களை வைத்துத் தமிழில் மொழிபெயர்த்து மனப்பாடம் செய்துகொண்டார். அப்புறம் கையில் ஒரு மணி. தெருத் தெருவாக அடித்துக்கொண்டு போய்ப் பையன்களையும் ஆண்களையும் கூட்டி, வரி வரியாகச் சொல்லவைத்தார். 1544இல் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில், ஜெபம் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிப்போனதையும் ஞானஸ்நானம் கொடுத்துக் கொடுத்துக் கை ஓய்ந்துபோனதையும் அவரே சொல்கிறார். எனக்குப் பிடித்தது அதே கடிதத்தில் உள்ள இன்னொரு சங்கதி. கற்றுக்கொண்ட பையன்களிடம், 'வீட்டுக்குப் போய் அப்பா அம்மாவுக்கும் அக்கம்பக்கத்துக்கும் சொல்லிக்கொடுங்கள்' என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். மணி மண்டபங்களுக்குப் பதில் அரைஞாண் கயிறு கட்டிய பொடியன்கள்! ஏற்பாடு என்னவோ அதே ஏற்பாடுதான்.

இனிக் குலசை.

முத்தாரம்மன் கோயில் தசரா, மைசூருக்கு அடுத்தபடி பெரிது என்பார்கள். மைசூரில் யானை. இங்கே மனுஷன். வேண்டிக்கொண்டவர்கள் காப்புக் கட்டி வேஷம் போடுவார்கள். காளி, குரங்கு, குறவன் குறத்தி, போலீஸ்காரர், பிச்சைக்காரர். காளி வேஷம் போடுகிறவருக்கு விரதம் கடுமை. வேஷம் போட்டு வீடு வீடாகப் போய்க் காணிக்கை கேட்டு வாங்கி, அதைக் கோயில் உண்டியலில் சேர்க்க வேண்டும். பத்தாம் நாள் நடுராத்திரி கடற்கரையில் சூரசம்ஹாரம்.

ஒரு வருஷம் போலீஸ் வேஷத்தில் இருந்த பையன் ஒருவனோடு டீ குடித்தேன். சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலையாம்.

"ஆபீஸ்ல ஒரு நாள் லீவு கேக்கணும்னா நாக்கு ஒட்டிக்கிடும் அண்ணாச்சி. இங்க முன்னப்பின்ன தெரியாத வீட்டு வாசல்ல நின்னு தர்மம் கேக்கேன். ஒண்ணுமே ஆகல!"

தசரா செட் என்றால் மேளம் உண்டு. தாரை, தப்பட்டை, பம்பை. தோல் கருவிக்குக் கடல் காற்று ஆகாது. ஈரத்தில் தோல் நமுத்துத் தொய்ந்து, சத்தம் அமுங்கிவிடும். அதனால் சுற்றுக்குச் சுற்று ஓலையைக் கொளுத்தித் தோலைக் காய்ச்சுவார்கள். பத்து நிமிஷத்தில் 'தொப்' என்றது 'டணார்' என்று திரும்பும். இப்போது பல செட்டுகளில் ஃபைபர் முகம். அதற்கு நெருப்பு வேண்டாம், ஈரமும் ஒன்றும் செய்யாது. சத்தமும் ஜாஸ்தி. ஆனால் காய்ச்சுகிற அந்தப் பத்து நிமிஷ மௌனத்தில்தான் கடல் கேட்கும். அது போய்விட்டது.

இந்தப் பனங்காட்டு ஊர்களின் சொந்தச் சங்கீதம் வில்லுப்பாட்டு. பெரிய வில், அதில் கட்டிய மணிகள், குடம், உடுக்கை, தாளம். நாணை வீசுகோலால் தட்டிப் புலவர் கதை சொல்வார். பக்கத்தில் இருக்கிறவர்கள் 'ஆமா' போடுவார்கள். அம்மன் கொடை, சுடலைமாடன் கொடை என்றால் விடிய விடிய நடக்கும். இப்போது பல கொடைகளில் வில்லுக்கு ஒதுக்குவது சில மணி நேரம். கொஞ்சம் தள்ளி ஸ்பீக்கர் பெட்டிகளை மாடி மாடியாக அடுக்கி இன்னிசைக் கச்சேரி ஆரம்பித்துவிடும். புலவர் சாமியைப் பார்த்துப் பாடிக்கொண்டிருப்பார். சாமியும் நாலு பாட்டிகளும் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

அப்படி ஒரு ராத்திரி முடிந்து வில்லை அவிழ்த்துக்கொண்டிருந்த ஒரு புலவரிடம், "பாட அடுத்த தலைமுறை வருதா அண்ணாச்சி?" என்று கேட்டேன். சுக்குக் காப்பியை ஆற்றியபடி சொன்னார்:

"பாடுததுக்கு எப்படியும் ஆள் வந்துரும். ஆமா போடத்தான் ஆள் இல்ல."

இதே குலசைக்குப் புது விருந்தாளி ஒருவர் வந்துகொண்டிருக்கிறார். இஸ்ரோவின் இரண்டாவது ராக்கெட் ஏவுதளம். 2024 பிப்ரவரி 28ஆம் தேதி அடிக்கல் நாட்டினார்கள். அன்றைக்கே ரோகிணி ஆர்.எச். 200 என்கிற சின்ன ராக்கெட் ஒன்றும் கிளம்பிப் போனது. துருவப் பாதைக்குப் போகிற ராக்கெட் தெற்கே போக வேண்டும். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பினால் குறுக்கே இலங்கை. வளைந்து போனால் எரிபொருள் தண்டம். குலசையிலிருந்து தெற்கே வெறும் கடல். சின்ன ராக்கெட்டுகளுக்கு இதனால் நல்ல லாபம்.

ரோகிணி வகையை 'சவுண்டிங் ராக்கெட்' என்பார்கள். சத்தம் போடுவதால் வந்த பெயர் இல்லை. கயிற்றில் ஈயக் குண்டைக் கட்டிக் கடலில் விட்டு ஆழம் பார்ப்பார்களே மாலுமிகள், அந்த வேலைக்கு இங்கிலீஷில் சவுண்டிங். இது ஆகாயத்தில் ஆழம் பார்க்கிறது.

ராக்கெட் விடுவதை டி.வி.யில் கவனித்திருக்கிறீர்களா? விடுவதற்கு முன்னால் ஒவ்வொரு பிரிவாகக் கூப்பிட்டுத் தயாரா என்று கேட்பார்கள். ஒவ்வொருவராக 'ரெடி', 'கோ' என்பார்கள். ஒருத்தர் சொல்லாவிட்டாலும் ராக்கெட் தரையிலேயே நிற்கும். எத்தனை கோடி ரூபாய் சாமானாக இருந்தால் என்ன? ஆமா போட ஆள் வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ரயில் ஏறுவதற்கு முன்னால் உடன்குடிக் கருப்பட்டி அரைக் கிலோ வாங்கிக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை ஆபீஸில் ஆளுக்கொரு துண்டு கொடுத்துவிட்டு, கேட்டதில் ஒன்றே ஒன்றைப் பக்கத்து நாற்காலிக்காரரிடம் வாயால் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் ஃபார்வர்டு செய்வது கணக்கில் சேராது.