நீல டிரம்மில் கொஞ்சம் வெயில்



எங்கள் ஆஸ்டின் டவுன் தெருவில் வீடுகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கும். வெயில் வேண்டுமென்றால் மொட்டை மாடிக்குத்தான் போக வேண்டும். பக்கத்து வீட்டு அக்கா அங்கே ஒரு நீல டிரம்மைப் பாதியாக அறுத்துத் தண்ணீர் விட்டு வைத்திருக்கிறார். போன மாதம் எட்டிப் பார்த்தால் தண்ணீரே தெரியவில்லை.

“பாசி பிடிச்சிருக்கேக்கா?”

“பாசி இல்ல தம்பி, அசோலா. ரோஜாவுக்கு உரம்.”

ஒரு துணுக்கை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். நகத்தளவு பெரணி, அடியில் மயிரிழை போல வேர். நான் சொன்னதும் முழுத்தப்பு இல்லை என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். அந்த இலைப் பொந்துகளில் நீலப்பச்சைப் பாசி குடியிருக்கிறது. காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தழைச்சத்தாக்குவது அதுதான். அக்காவுக்குச் செலவு, ஒரு கை சாணம்.

இதையே ஆலையில் செய்ய, நைட்ரஜனோடு சேர்க்கும் ஹைட்ரஜனுக்கு இயற்கை எரிவாயு வேண்டும், நானூறு டிகிரி சூடு வேண்டும், காற்றழுத்தத்தைப்போல் நூறு மடங்குக்கும் மேல் அழுத்தம் வேண்டும். அந்த எரிவாயுவில் பெரும்பங்கு கப்பலில் வருகிறது. ராயக்கோட்டைப் பக்கம் இருக்கும் என் சித்தப்பா 45 கிலோ யூரியா மூட்டைக்காக உரக்கடை மெஷினில் கட்டைவிரல் வைப்பார். மண்வெட்டி பிடித்துத் தேய்ந்த ரேகை, மூன்று தடவை வைத்தாலும் பதியாது. அவர் எண்ணிக் கொடுக்கும் 266 ரூபாய்க்குப் பின்னால் எவ்வளவு மானியம், எத்தனை கப்பல்!

எரிவாயு இல்லாமலும் முடியும். நாமே செய்திருக்கிறோம். 1961இல் பஞ்சாபின் நங்கலில் தொடங்கிய உர ஆலை, பக்ரா அணை மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுத்தது. பிற்பாடு அது எண்ணெய்க்கு மாறிவிட்டது. அதே வித்தையை 2021இல் ராஜஸ்தானின் பிகானேரில் ஏக்மி நிறுவனம் சூரிய மின்சாரத்தில் செய்துகாட்டியது. தழைச்சத்து உரங்களுக்கு மூலமான அம்மோனியாவை நாளுக்கு 5 டன் எடுக்கும் சிறிய ஆலை.

எனக்குப் பிடித்தது அந்தச் சிறிசுதான். கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஹெக்டேருக்கு 100 கிலோ தழைச்சத்து என்று வைத்தால், அந்த 5 டன் வருஷத்துக்குச் சுமார் 15,000 ஹெக்டேருக்கு வரும். ஒரு தாலுகாவின் தேவை, அந்தத் தாலுகா வெயிலிலேயே! சிக்கல் இல்லாமல் இல்லை. ராத்திரியில் சூரிய மின்சாரம் கிடையாது. யூரியாவாக்க கரியமில வாயுவும் வேண்டும். தண்ணீரைப் பிரித்தால் அது வராது. அம்மோனியம் சல்பேட்டாகத் தரலாம்தான். சித்தப்பாவிடம் சொன்னேன். “அதெல்லாம் சரி, யூரியா எப்போ வரும்?” என்றார்.

நேற்று மாடிக்குப் போனேன். டிரம் ஓரமெல்லாம் அசோலா சிவந்து கிடந்தது. உச்சி வெயில் நேராகப் பட்டால் அதற்கு ஆகாதாம். அக்கா பழைய வாயில் சேலை ஒன்றைக் கொடிக்கம்பியில் இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். மறுமுனையை என் கையில் கொடுத்தார்.

அன்புடன்,
ஆசிரியர்