மாரத்தான் ஓடிய ஸ்பிரின்டர்!

புது பைக், புது போன், புது லேப்டாப்... எது வந்தாலும் ஹாஸ்டல்ல முதல் கேள்வி, "ஸ்பெக் என்ன மச்சி?" நம்பர் பெருசா இருந்தா போதும், "செம்ம!"ன்னு ஒரு சர்டிபிகேட் ரெடி. இந்த வார கெஸ்ட், ஸ்பெக் ஷீட்டில் அப்படி மிரட்டிய ஒரு ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல். பேரு யு-180. 1943-ல் நேதாஜியை ஜெர்மனியிலிருந்து ஏற்றிக்கொண்டு வந்தது இதுதான். ஹிஸ்டரி புக் அந்த ஒரு வரியோட நிறுத்திக்கும். நாம இன்ஜின் ரூமுக்குள்ள இறங்குவோம், வாங்க.

முதல்ல ஒரு குட்டி பேஸிக். அந்தக் காலத்து நீர்மூழ்கிக்கு ரெண்டு வாழ்க்கை. கடல் மட்டத்துல டீசல் இன்ஜின், தண்ணிக்குள்ள பேட்டரியும் எலெக்ட்ரிக் மோட்டாரும். டீசல் எரிய காத்து வேணுமே! அதனால பயணத்துல பெரும்பகுதி மேலேதான் ஓடும். எதிரி விமானம் கண்ணில் பட்டா டக்னு முங்கிடும். மேலே எவ்வளவு வேகமா போக முடியும் என்பது கப்பலில் இருந்தவர்களுக்கு உயிர்ப் பிரச்னை.

அந்த வேகத்துக்காகத்தான் 'ஒன்பது-டி-1' என்ற ரகத்தில் ஜெர்மன் டிசைனர்கள் ஒரு துணிச்சல் வேலை பார்த்தார்கள். டார்பிடோ படகுகள்னு ஒண்ணு உண்டு. ராத்திரியில பாய்ஞ்சு வந்து, டார்பிடோவை விட்டுட்டு, விடியறதுக்குள்ள கரைக்கு ஓடிடும். அந்தப் படகுக்காக டைம்லர்-பென்ஸ் தயாரித்த 20 சிலிண்டர் டீசல் இன்ஜினில் ஆறு எடுத்து நீர்மூழ்கிக்குள்ள வெச்சாங்க. ஒவ்வொண்ணும் 1,500 குதிரைசக்தி. மொத்தம் 120 சிலிண்டர், 9,000 குதிரைசக்தி! பிரெமன் நகரத்தில் கட்டப்பட்ட யு-180, 1942 மே மாதம் கடற்படையில் சேர்ந்தது.

இப்ப கால்குலேட்டரை எடுங்க. இதுக்கு முன்னால வந்த 'ஒன்பது-சி' ரகத்துக்கு 4,400 குதிரைசக்தி, வேகம் 18.3 நாட். யு-180-க்கு 9,000 குதிரைசக்தி, வேகம் 20.8 நாட். சக்தி ரெண்டு மடங்கு, வேகம் கூடினது வெறும் 2.5 நாட். அதாவது மணிக்கு நாலரை கிலோமீட்டர் சொச்சம். நாம பஸ் ஸ்டாப்புக்கு நடக்கிற வேகம் பாஸ்! இதன் உடம்பு கொஞ்சம் பெருசுங்கிறது ஒரு காரணம். தண்ணி இன்னொரு காரணம். கப்பலின் வேகத்தை ஏத்த ஏத்த, தேவைப்படும் சக்தி தோராயமா அதன் க்யூப் கணக்குல எகிறும். கடல்கிட்ட பேரம் பேச முடியாது.

சரி, அந்த நாலரை கிலோமீட்டராவது நிம்மதியா கிடைச்சுதா? அதுவும் இல்லை. ஒரு ராத்திரி ஓட்டத்துக்குப் பிறந்த இன்ஜினை மாசக்கணக்கில் ஓடச் சொன்னா என்ன ஆகும்? சூடாச்சு, மக்கர் பண்ணுச்சு, புகை கக்குச்சு. ஒளிஞ்சிருப்பதே பாதி ஆயுதம் என்கிற கப்பல், "நான் இங்கே இருக்கேன்"னு வானத்துல எழுதிக்கிட்டே போனா எப்படி?

இந்தக் கப்பலில்தான் 1943 பிப்ரவரி 9-ம் தேதி கீல் துறைமுகத்திலிருந்து நேதாஜியும் அவருடைய உதவியாளர் ஆபித் ஹசனும் கிளம்பினார்கள். கேப்டன் வெர்னர் முசன்பெர்க். அட்லாண்டிக்கில் இறங்கி, நன்னம்பிக்கை முனையைச் சுற்றி, கிட்டத்தட்ட 80 நாள். சாப்பாடு, போர்வை எல்லாத்திலும் டீசல் வாடை. ஏப்ரல் 18 அன்று தென்னாப்பிரிக்கப் பக்கம் 'கார்பிஸ்' என்ற பிரிட்டிஷ் எண்ணெய்க் கப்பலை யு-180 மூழ்கடித்தது. அதிலிருந்த மாலுமிகளில் பெரும்பாலோர் செத்துப்போனார்கள். நேதாஜி பயணம் செய்தது ஒரு டூரிஸ்ட் கப்பலில் அல்ல, கொல்வதற்காகக் கட்டிய இயந்திரத்தில் என்பதையும் சேர்த்தே படிக்கணும்.

ஏப்ரல் 28 அன்று மடகாஸ்கர் அருகே, கொந்தளிக்கும் கடலில் ரப்பர் படகு மூலம் இருவரும் ஜப்பானின் ஐ-29 நீர்மூழ்கிக்கு மாறினார்கள். பதிலுக்கு யு-180-ல் ஏறிய இரண்டு ஜப்பானிய அதிகாரிகளில் ஒருவரான டொமோனாகா ஹிதியோ, நீர்மூழ்கி வடிவமைக்கும் இன்ஜினியர்! ஐ-29 சுமத்ராவில் இறக்கிவிட, டோக்கியோ போய், ஜூலையில் சிங்கப்பூர் வந்தார் நேதாஜி. மலேயா ரப்பர் தோட்டத்துத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்த இந்திய தேசிய ராணுவம் அவர் தலைமைக்கு வந்தது அப்போதுதான்.

யு-180 அதே ஜூலை மாதத் தொடக்கத்தில் பிரான்சின் போர்தோ துறைமுகத்துக்குத் திரும்பியது. அடுத்து என்ன? மெடலா? ஆறு இன்ஜினையும் கழட்டிட்டாங்க! ரெண்டே ரெண்டு சாதாரண டீசல், டார்பிடோ குழாய்களும் காலி. வேகத்துக்காகப் பிறந்தது சரக்குக் கப்பல் ஆச்சு. இந்த ரகத்தில் கட்டினதே மொத்தம் ரெண்டுதான். கூடப் பிறந்த யு-195-க்கும் இதே ஆபரேஷன். அந்த நிதானமான இன்ஜின்களோட அது 1944 டிசம்பரில் இந்தோனேசியாவின் படாவியா, அதாவது இன்றைய ஜகார்த்தா வரை போய்ச் சேர்ந்தது.

யு-180-க்கு அந்தக் கொடுப்பினை இல்லை. 1944 ஆகஸ்டில் ஜப்பானுக்குப் போக போர்தோவிலிருந்து கிளம்பி, சில நாட்களிலேயே பிஸ்கே விரிகுடாவில் 56 பேரோடு மறைந்துபோனது. என்ன நடந்ததுன்னு சொல்ல ஒருத்தர்கூட மிஞ்சலை.

அந்த 20 சிலிண்டர் இன்ஜின் மட்டமான இன்ஜினா? சத்தியமா இல்லை. டார்பிடோ படகில் அது ராஜா. தப்பான வேலைக்கு அனுப்பினது டிராயிங் போர்டு. எத்தனை நாள் ஓடணும், எந்த வெயில்ல, பக்கத்துல உட்கார்ந்து மூச்சு விடப்போறது யாரு... இந்த மூணும் ஸ்பெக் ஷீட்டில் இருக்காது. மினி புராஜெக்டுக்கு மோட்டார் வாங்க கடைக்குக் கிளம்பும் முன்னாடி, இந்த மூணுக்கும் பதிலை ஒரு பேப்பர்ல எழுதிடுங்க. குதிரைசக்தியை அப்புறம் பார்த்துக்கலாம்!