நடைமேடை ஏறிய சொல்

செருமானியம் கற்கப் புகுவார்க்கு ஆசிரியர் முதற்கண் கூறும் அறிவுரை ஒன்றுண்டு. பெயர்ச்சொல்லைத் தனியே கற்றலாகாது. அதன் பாலோடும் பன்மையோடும் சேர்த்தே கற்றல் வேண்டும் என்பதே அது.

செருமனியின் தொடர்வண்டி நிலையங்களில் நாளும் வழங்கும் 'பான்சுடைக்' என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். 'பான்' என்பது பாதை. 'சுடைக்' என்பது ஏறுவழி. இரண்டும் கூடி நடைமேடையைக் குறிக்கும். 'பான்' பெண்பால், 'சுடைக்' ஆண்பால். கூட்டுச்சொல்லில் இறுதிச் சொல்லின் பாலே நிற்குமாதலின், 'டெர் பான்சுடைக்' என ஆண்பாலாகவே வழங்கும். பன்மை 'பான்சுடைகே' என்பதாம். ஒருவன் மேடைமேல் நிற்பதைக் கூறுங்கால் 'டெர்' என்னும் முன்னடை 'டேம்' எனத் திரியும். மேடைமேல் ஏறிச் செல்வதைக் கூறுங்கால் 'டேன்' எனத் திரியும். நிற்றலும் செல்லலும் ஓர் ஒற்றெழுத்தால் வேறுபடுதல் காண்க!

இலக்கணத்துள் இத்துணைச் செம்மையாய் அடங்கிய இச்சொல் தொன்மைச்சொல் அன்று. 19-ஆம் நூற்றாண்டில் செருமானியர் நடைமேடையைப் 'பெரோன்' எனப் பிரெஞ்சுச் சொல்லாலேயே வழங்கினர். 1885-இல் அனைத்துச் செருமானிய மொழிக்கழகம் தோன்றியது. 1886-இல் பிரசிய அரசு அலுவலரான ஒட்டோ சாராசின், அயற்சொற்களுக்கு ஈடான செருமானியச் சொற்களைத் தொகுத்து அகரமுதலி வெளியிட்டார். அவர் போன்றோர் முயற்சியால் தொடர்வண்டித் துறையின் அயற்சொற்கள் பல நீங்கின. 'பெரோன்' இறங்கியது; 'பான்சுடைக்' ஏறியது.

பெரோனின் பன்மை 'பெரோன்சு' என அயல்வாலோடேயே நின்றது. பான்சுடைக்கோ அம்மொழிக்கு இயல்பான பன்மையீற்றை ஏற்றது. கூரை, உயரம் முதலியவற்றைக் குறிக்கும் சொற்களோடு புணர்ந்து புதுச்சொற்களையும் ஈன்றது.

இஃது அகரமுதலி ஒன்றினால் மட்டும் விளைந்ததோ? இல்லை. ஆட்சித்துறை அச்சொல்லை ஏற்றது. மக்கள் நாளும் கண்டனர், கேட்டனர், பேசினர். அதே செருமானியம் பேசும் சுவிசு நாட்டிலோ இன்றும் 'பெரோன்' வழங்குகின்றது. மொழி ஒன்றே, ஆட்சி வேறு. ஆளப்படும் சொல்லே வாழும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

தமிழிலும் 'நடைமேடை' பிறந்துவிட்டது. நிலைய அறிவிப்பிலும் ஒலிக்கின்றது. ஆயினும் அதன்மேல் நின்று பேசுவார் நாவில் 'பிளாட்பாரமே' உலவுகின்றது. சொல் இல்லாக் குறையன்று இது, சொல்லாக் குறையே. சொல்லை ஆக்குதல் புலவர் கடன். அதனை நாளும் ஆளுதல் மக்கள் கடன். பலகையில் ஏறிய சொல்லை நாவிலும் ஏற்றுக!