நிலம் யார் பெயரில்?

வயலில் நாற்று நடுபவரும் களை எடுப்பவரும் பெரும்பாலும் பெண்களே. ஆயினும் 2015-16ஆம் ஆண்டு வேளாண் கணக்கெடுப்பின்படி, நாட்டின் சாகுபடி நில உடைமைகளுள் ஏறத்தாழ 14 விழுக்காடே பெண்கள் வசம் உள்ளன.

வரப்பு உயர்த்துதல், பண்ணைக்குட்டை வெட்டுதல், மரம் வளர்த்தல் ஆகியவை பல்லாண்டுகளுக்குப் பலன் தருபவை. இவற்றுக்கான நீண்டகாலக் கடனுக்குப் பொதுவாக நில ஆவணமே முதற்சான்று. எனவே, மண்ணின் மெலிவை அன்றாடம் காண்பவருக்கு அதைச் சீர்செய்யும் அதிகாரம் இல்லாமற்போகிறது.

மூதாதையர் சொத்தில் மகளுக்கும் சமபங்கு உண்டு என்பதை 2005ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைத் திருத்தச் சட்டம் உறுதிசெய்தது. எனினும், பாகப்பிரிவினையின்போது மகளிடம் விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கும் வழக்கம் நீடிக்கிறது.

கணவன், மனைவி இருவர் பெயரிலும் பட்டா இருப்பின், கடன் விண்ணப்பத்தில் இருவரும் கையொப்பமிடுவர், முடிவும் இருவருடையதாகும். மண்வளம் காக்க விரும்பும் குடும்பங்கள் முதலில் தம் பட்டாவை எடுத்துப் பார்க்கட்டும்.