காலை 6:25க்கு யார் வீட்டுக் கணினி ஓடுது?

டெபியன், உபுண்டு போட்ட கணினிகளில் தினசரி வேலைகளுக்கென்று ஒரு நேரத்தை எழுதி வைத்திருக்கிறார்கள்: காலை 6:25. அந்த நேரத்தில் 'லாக்வாட்ச்' மாதிரியான ஒரு புரோகிராம் எழும்பி, நேற்று முழுக்கக் கணினிக்குள் நடந்ததை வாசிக்கும். யார் உள்ளே வந்தார்கள், டிஸ்கில் எவ்வளவு இடம் மிச்சம், எது பாதியில் விழுந்தது என்று ஒரு அறிக்கை எழுதி மெயிலில் அனுப்பும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் 6:25க்கு மஸ்கெலியாவில் எந்தக் கணினி ஓடிக்கொண்டிருக்கிறது? அம்மாமார் பெரட்டுக்குக் கிளம்புகிற நேரம் அது. வாசிகசாலை பூட்டியிருக்கும், டியூஷன் வகுப்பு பூட்டியிருக்கும், லயத்தில் இருக்கிற ஒரே பழைய லேப்டாப் துணி சுற்றி அலுமாரி மேல கிடக்கும்.

இந்த நேரக்கணக்கைப் பார்த்துக்கொள்கிற 'க்ரான்' 1979 இல் வந்த யுனிக்ஸின் ஏழாம் பதிப்பிலேயே இருந்தது. இன்றைக்கு நம்ம லினக்ஸ்களில் இருப்பது பெரும்பாலும் பால் விக்ஸி 1987 இல் எழுதியதன் வழிவந்தது. அது பிறந்த இடத்தில் கணினியை இரவில் அணைத்துவிட்டு வீட்டுக்குப் போகிற பழக்கமே இல்லை. அதனால் க்ரானுக்கு ஒரே ஒரு கேள்விதான் தெரியும்: இப்ப மணி என்ன? குறித்த நிமிஷத்தில் கணினி அணைந்திருந்தால் அந்த வேலை போனது போனதுதான். பெரட்டில் பேர் வாசிக்கும்போது ஆள் இல்லையென்றால் அன்றைக்குப் பேர் விழாது அல்லவா, அதே கதை. பிந்தி வந்ததுக்கு இங்கே அரைப்பேரும் கிடையாது.

எங்கள் கணினிகள் அடிக்கடி அணைந்திருப்பதைப் பராமரிப்புக் குறை என்று சொல்பவர்களோடு எங்களுக்குச் சண்டை இருக்கிறது. 2022 மார்ச் கடைசியில் நாள் ஒன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்தது என்று சொல்லி முழு நாடும் இருண்டது. இதெல்லாம் பேப்பரில் வந்த பெரிய கதைகள். காற்றடித்தால், மழை பெய்தால், ஒரு மரம் லைனில் சாய்ந்தால் கரண்ட் போகிற சின்னக் கதைகளை யாரும் எழுதுவதில்லை. மவுசாக்கலைத் தண்ணீர் கெனியனில் விழுந்து நாட்டுக்கு வெளிச்சம் கொடுக்குது என்பதை இந்த இடத்தில் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அணைகிற கணினிக்கென்று வேறொரு புரோகிராம் இருக்கிறது: 'அனாக்ரான்'. அது மணி கேட்காது. "கடைசியா இந்த வேலை எப்ப நடந்தது?" என்று கேட்கும். ஒவ்வொரு வேலையும் கடைசியாக ஓடிய திகதியை ஒரு சின்ன ஃபைலில் குறித்து வைத்திருக்கும். ஒரு நாளோ ஏழு நாளோ கடந்திருந்தால், கணினி எழும்பி ஐந்து, பத்து நிமிஷம் பொறுத்து ஓட்டிவிடும். உபுண்டு டெஸ்க்டாப்பில் இது ஏற்கெனவே இருக்கும். சிஸ்டம்டி டைமர்களில் இதையே செய்ய 'பெர்சிஸ்டன்ட்' என்ற வரியை 'ட்ரூ' ஆக்கினால் போதும்.

பலர் இத்தோடு வேலை முடிந்தது என்று எழுந்துவிடுகிறார்கள். முடியவில்லை. சனிக்கிழமை அணைத்த கணினியைப் புதன் பின்னேரம் போடுகிறோம் என்று வையுங்கள். அனாக்ரான் விட்டுப்போன நாட்களுக்கெல்லாம் தனித்தனியாக ஓடாது, ஒரே ஒரு தடவை ஓடும். லாக்வாட்ச்சோ யாரும் வேறு சொல்லாவிட்டால் 'நேற்று' நடந்ததை மட்டும் பார்க்கும். நேற்று செவ்வாய், கணினி ஓடவே இல்லை. டிஸ்க் இட அளவைத் தவிர பெரிதாக எதுவும் இல்லாத ஒரு அறிக்கை வரும். சனிக்கிழமை கரண்ட் போனபோது டிஸ்க் கத்தியது அதில் இருக்காது. அறிக்கை வராமலே இருந்தால் கொஞ்சமாவது சந்தேகம் வரும். வெறும் அறிக்கை வந்தால் நிம்மதியாகத் தூங்கிவிடுவோம், அதுதான் ஆபத்து. ஆகவே காலத்தை நீட்ட வேண்டும்: வாரம் ஒரு தடவை ஓடட்டும், ஆனால் கடந்த 30 நாளைப் பார்க்கட்டும். இதற்கு 'டேட் மேனிப்' என்ற பெர்ல் மொட்யூலையும் போட வேண்டும். இல்லாவிட்டால் லாக்வாட்ச்சுக்கு நேற்று, இன்று, எல்லாம் என்ற மூன்றைத் தவிர வேறு காலம் புரியாது. ஒரே சங்கதி நாலு மெயிலில் திரும்ப வரும்தான். வரட்டுமே.

இன்னொரு வினோதம். டெபியன் வழிவந்தவற்றில் லேப்டாப் பேட்டரியில் ஓடும்போது அனாக்ரான் கிளம்பாது. சார்ஜ் மிச்சம் பிடிக்க அப்படி வைத்திருக்கிறார்கள். விண்டோஸின் டாஸ்க் ஷெடியூலரும் அப்படித்தான், பேட்டரியில் வேலையைத் தொடங்காதே என்ற டிக் முதலிலேயே போட்டிருக்கும். தவறிய வேலையைப் பிறகாவது ஓட்டு என்ற டிக் போடாமல் இருக்கும். இரண்டையும் தலைகீழாக மாற்றுங்க.

அப்புறம் மெயில். கரண்ட் இருக்கும், சிக்னல் இருக்காது. நம்ம பக்கம் இது புதுசா? 'எம்எஸ்எம்டிபி' போன்ற சின்னப் புரோகிராம் அந்த நேரம் அனுப்ப முடியாவிட்டால் அதோடு கைவிட்டுவிடும். 'போஸ்ட்ஃபிக்ஸ்' வரிசையில் வைத்து ஐந்து நாள் வரை திரும்பத் திரும்ப முயற்சி செய்யும். அமைப்பது கொஞ்சம் தலைவலி, ஆனாலும் நாங்கள் போஸ்ட்ஃபிக்ஸ் பக்கம். ஜிமெயில் வழியாக அனுப்பினால் சாதாரண பாஸ்வேர்ட் 2022 மே 30க்குப் பிறகு செல்லாது. இரண்டு படிச் சரிபார்ப்பைப் போட்டு, 16 எழுத்து ஆப் பாஸ்வேர்ட் எடுக்க வேண்டும். முக்கியமாக, பெறுபவர் யார் என்பதை மாற்றுங்கள். ஒன்றும் செய்யாவிட்டால் அறிக்கை 'ரூட்' என்ற பெயருக்குப் போய், அதே கணினிக்குள் யாரும் திறக்காத பெட்டியில் கிடக்கும். டிஸ்க்கைக் கண்காணிக்கிற 'ஸ்மார்ட்டி' அரை மணிக்கு ஒரு தடவை பார்த்து எழுதுகிற எச்சரிக்கையும் அங்கேதான் போய்ச் சேரும். வீடு எரியுது என்று எழுதிய கடிதத்தை அந்த வீட்டுக்குள்ளேயே வைத்த மாதிரி.

ஒரு பழைய கணினிக்கு ஏன் இவ்வளவு பாடு என்று கேட்கலாம். 1960களின் கடைசியில் மவுசாக்கலை நீர்த்தேக்கத்துக்குள் போன பழைய மஸ்கெலியா டவுனை நேரில் கண்டவர்கள் இன்னும் சிலர்தான் இருக்கிறார்கள். தண்ணி வற்றும்போது தலைகாட்டுகிற கோயிலை எல்லாரும் போனில் படம் எடுக்கிறோம். அந்தக் கோயிலுக்கு முன்னால் எந்தக் கடை இருந்தது என்று சொல்லக்கூடிய குரல்கள் எங்களிடம் ஒரு டிஸ்கில் இருக்கின்றன. பேசியவர்களில் சிலர் இப்போது இல்லை. கிளவுடில் போடலாமே என்பார்கள். போடுகிறோம், டேட்டா கார்டு அனுமதிக்கிற வேகத்தில். அதுவரை அந்த டிஸ்கின் ஸ்மார்ட் பட்டியலில் 5, 197 என்ற இரண்டு எண்களுக்கு எதிரே பூச்சியம் இருக்கிறதா என்பதுதான் எங்களுக்குச் செய்தி. ஐந்தாவது, கெட்டுப்போய் மாற்றப்பட்ட இடங்களின் கணக்கு; மற்றது, கெட்டுப்போகலாம் என்று காத்திருப்பவை. 192 ஆவது எண்ணையும் பாருங்கள், டிஸ்க் ஓடும்போதே கரண்ட் பறிபோன தடவைகள் பொதுவாக அதில் ஏறும்.

எவ்வளவு சரியாக அமைத்தாலும், மாதக்கணக்கில் அணைந்தே கிடக்கும் கணினி எந்த மெயிலையும் அனுப்பாது. அதற்கு மென்பொருளில் வழி தேடுவதை நாங்கள் விட்டுவிட்டோம். அறிக்கை மூன்று பேருக்குப் போகிறது. இரண்டு ஞாயிறு தொடர்ந்து வராவிட்டால், மூன்று பேரில் யாருக்கு லீவோ அவர் பஸ் ஏறிப் போய்க் கணினியைப் போட்டு, போஸ்ட்ஃபிக்ஸ் வரிசை காலியாகும் வரை பக்கத்தில் உட்கார்ந்திருக்கணும்.